மணி அடிச்சும் நிக்காத நிழல்

ஞானக் கதைன்னா ஒரு குரு இருப்பாரு, ஒரு சிஷ்யன் இருப்பான், அவனும் சொன்ன பேச்சக் கேப்பான். ரெஜினா டீச்சருக்கு அப்படி வாய்க்கல. எட்டாம் வகுப்புல முப்பத்தொம்போது பிள்ளைங்க. முப்பத்தெட்டு வாயத் தெறக்காது. ஒண்ணு மூடாது.

மூடாதது பேரு பாண்டிமீனா.

திண்டுக்கல் பக்கம் நூல் மில்லுக்கு எதிர்த்தாப்புல ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடம். ஆடி மாசக் காத்து. திங்கக்கிழமை காலைல டீச்சர் ஆளுக்கொரு குச்சி குடுத்தாங்க.

"மைதானத்துல நட்டு வைங்க. பதினோரு மணியிலேருந்து கால் மணிக்கொரு தடவ நிழல அளங்க. நிழல் எப்ப ரொம்பக் குட்டையா இருக்கோ, அப்பதான் சூரியன் உச்சில இருக்குன்னு அர்த்தம். பாத்தத ரெக்கார்டு நோட்டுல எழுதுங்க."

எல்லாரும் வெளிய போனாங்க. குச்சிய நட்டாங்க. அப்புறம் வேப்பமரத்தடில உக்காந்து கைடப் பிரிச்சாங்க. கைடுல அட்டவணையே போட்டிருந்துச்சு. குட்டை நிழல் பன்னெண்டு மணிக்கு. விழுற திசை வடக்கு. மரத்து நிழல்ல சொகமா உக்காந்துக்கிட்டு குச்சி நிழல எழுதி முடிச்சாங்க.

பாண்டிமீனாவுக்குப் பொறுக்கல.

"ஏண்டி சௌமியா, குச்சி அங்க நிக்குது. நீ இங்க உக்காந்து என்னத்தடீ அளக்குற?"

சௌமியாதான் கிளாஸ் லீடரு. எழுத்து முத்து முத்தா இருக்கும். "கைடு எழுதினவங்க அளக்காமயா எழுதியிருப்பாங்க? போடீ."

"அப்ப சோத்தையும் அவங்களையே திங்கச் சொல்லு."

சத்தம் கேட்டு ஹெச்.எம். சார் வந்தாரு. "என்ன இங்க சண்டை?"

"யாரும் அளக்காமயே எழுதுறாங்க சார்."

"நீ என்ன போலீஸா?"

"போலீஸா இருந்தா இந்நேரம் கேஸு போட்டிருப்பேன் சார்."

அவ்வளவுதான். சாப்பாட்டு நேரம் முடியுற வரைக்கும் கொடிக்கம்பத்துப் பக்கத்துல நிக்கச் சொல்லிட்டாரு.

நின்னா. பன்னெண்டு பத்துக்கு மணி அடிச்சது. மணின்னா மணி இல்ல, வராண்டாவுல தொங்குற தண்டவாளத் துண்டு. சுத்தியலால அடிச்சா மில்லு வரைக்கும் கேக்கும். கேட்டதும் மொத்தப் பள்ளிக்கூடமும் தட்டத் தூக்கிக்கிட்டு ஓடிச்சு. அன்னைக்கு முட்டை வேற.

தட்டுகளப் பாக்கக் கூடாதுன்னு பாண்டிமீனா தரையப் பாத்தா. காலடில கொடிக்கம்பத்து நிழல். வெட்டியா நிக்குறதுக்கு நிழல் முடியுற எடத்துல ஒரு கல்ல வச்சா. கொஞ்ச நேரத்துல பாத்தா, நிழல் கல்ல விட்டுட்டு உள்ள போயிருந்துச்சு.

இன்னொரு கல்லு வச்சா. அதையும் விட்டுட்டுப் போச்சு.

ஆபீஸ் ரூம் ஜன்னல் வழியா கடிகாரத்த எட்டிப் பாத்தா. பன்னெண்டே கால். நிழல் இன்னும் சுருங்கிக்கிட்டேதான் இருந்துச்சு. அதுவும் வடக்க விழல. ஆடி மாசச் சூரியன் தலைக்குக் கொஞ்சம் வடக்க நின்னதால, நிழல் கக்கூஸ் இருக்குற பக்கம், தெக்க பாத்து விழுந்துச்சு. பன்னெண்டு இருபது வாக்குல நின்னுச்சு. அப்புறம் மறுபடி வெளிய நீண்டுச்சு.

அப்பதான் அவளுக்கு ஒரு விசயம் உறைச்சது. இந்தப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டு பத்துக்கு மேல ஒருத்தரும் நிழலப் பாத்ததே இல்ல. தட்டத்தான் பாத்திருக்காங்க.

ரெக்கார்டு நோட்டுல எழுதினா. குட்டை நிழல், பன்னெண்டு இருபது. திசை தெற்கு.

மறுநாள் நோட்டு திரும்பி வந்துச்சு. முப்பத்தெட்டு நோட்டுல டிக்கு. அவ நோட்டுல மட்டும் சிவப்பு மையில ரெண்டு வார்த்தை.

மறுபடி செய்.

நோட்டத் தூக்கிக்கிட்டு நேரா மேசைக்குப் போனா.

"டீச்சர், நான் எழுதினது தப்பா?"

"தப்புன்னு எழுதியிருக்கேனா?"

"அப்ப சரியா?"

"சரின்னும் எழுதலயே."

"மரத்தடில உக்காந்து காப்பி அடிச்சவங்களுக்கு டிக்கு. வெயில்ல நின்னவளுக்கு மறுபடி செய். நல்லா இருக்கு டீச்சர் உங்க நியாயம்."

டீச்சர் ஜன்னலுக்கு வெளிய பாத்தாங்க. "இன்னைக்கும் வெயில் இருக்கு. போ."

போனா. கோவத்துல போனா. குச்சிய ஓங்கி நட்டா. மணி அடிச்சது, எல்லாரும் ஓடுனாங்க, இவ அசையல. இந்தத் தடவ பன்னெண்டு இருபத்தஞ்சுன்னு வந்துச்சு.

சௌமியா கைகழுவிட்டு வந்து பக்கத்துல நின்னா. "ஒழுங்காப் பன்னெண்டுன்னு எழுதியிருந்தா சுடுசோறு தின்னுருக்கலாம்ல?"

"நீ சோத்துக்கு எழுதுனவ. ஓரமா நில்லு, நிழல மிதிக்காத."

சாயங்காலம் நோட்டுல மறுபடியும் அதே ரெண்டு வார்த்தை.

"என்னதான் வேணும் உங்களுக்கு?" பாண்டிமீனா நோட்ட மேசைல போட்டா. "நேத்து இருபது. இன்னைக்கு இருபத்தஞ்சு. சூரியன் என்னை ஏமாத்துதா, நீங்க ஏமாத்துறீங்களா?"

"குச்சி நேரா நின்னுச்சா?"

பாண்டிமீனா வாயத் தெறந்தா. அப்படியே மூடுனா. அவ வாய் அந்த வருசத்துல மூடுனது அப்பதான் முதல் தடவ.

புதன்கிழமை அவ மாமாவோட தூக்குக்குண்டோட வந்தா. மாமா கொத்தனாரு, செவுரு நேரா நிக்குதான்னு நூல்ல குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பாப்பாரு. அத வச்சு குச்சிய நிமித்துனா. பன்னெண்டு பத்துலேருந்து நிமிசத்துக்கொரு கோடு போட்டா. பன்னெண்டு இருபத்திரண்டு.

மறுபடி செய்.

அவ நோட்ட மூடுன சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு.

வியாழக்கிழமை ஹெச்.எம். சார் எல்லா ரெக்கார்டையும் வரவழைச்சாரு. மறுநாள் பள்ளிக்கூடத்தப் பாக்க ஆபீஸர் வர்றதா தகவல். ஒவ்வொண்ணாப் புரட்டிக்கிட்டே வந்தவரு பாண்டிமீனா நோட்டுல நின்னுட்டாரு.

"முப்பத்தெட்டு நோட்டுல பன்னெண்டு மணி. இதுல மட்டும் என்னம்மா இருபத்திரண்டு? ஆபீஸர் பாத்தா என்ன நெனப்பாரு?"

"முப்பத்தெட்டுப் பேரு பாக்கவே இல்லன்னு நெனப்பாரு சார்."

அவரு முகம் செவந்துச்சு. "நாளைக்கு வரும்போது இந்தத் தாளு இருக்கக் கூடாது. கிழிச்சிட்டுப் பன்னெண்டுன்னு எழுதிக் கொண்டா. இல்லன்னா ரெக்கார்டுல கையெழுத்து கிடையாது. செய்முறைக்கு ஒரு மார்க்கும் கிடையாது."

பாண்டிமீனா டீச்சரத் திரும்பிப் பாத்தா. இப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னு பாத்தா. டீச்சர் கரும்பலகைய அழிச்சுக்கிட்டு இருந்தாங்க.

வெள்ளிக்கிழமை பதினொன்னே முக்காலுக்கு ஹெச்.எம். சார் வகுப்புக்கு வந்தாரு.

"கிழிச்சியா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"நான் எழுதுன பொய்யா இருந்தா கிழிச்சிருப்பேன் சார். அது சூரியன் எழுதுனது. அதுகிட்ட கேட்டுட்டு வாங்க, கிழிக்கிறேன்."

ஹெச்.எம். சார் மேசையத் தட்டுனாரு.

"இந்தியா பூராவுக்கும் பன்னெண்டு மணின்னா பன்னெண்டு மணிதான். உனக்குன்னு தனியா ஒரு மணி வச்சிருக்கியா?"

"மணி ஒண்ணுதான் சார். சூரியன் ஒவ்வொரு ஊரா கிழக்கேருந்துதான வருது. எல்லா ஊரு உச்சிக்கும் ஒரே நேரத்துல எப்படி சார் வரும்? நம்ம ஊருக்கு வர இருபத்திரண்டு நிமிசம் லேட்டாகுது."

ஹெச்.எம். சார் டீச்சர் பக்கம் திரும்புனாரு. "நீங்க சொல்லுங்க டீச்சர். பன்னெண்டா, இல்லையா?"

முப்பத்தொம்போது தலையும் டீச்சர் பக்கம் திரும்பிச்சு.

"நான் சொன்னா என்ன சார் ஆகப்போகுது?" ரெஜினா டீச்சர் எந்திரிச்சாங்க. "வெயில் நல்லா இருக்கு. வாங்க."

போற வழில வராண்டாவுல நின்னு, தண்டவாளத்துப் பக்கத்துல இருந்த சுத்தியல கைல எடுத்துக்கிட்டாங்க.

கொடிக்கம்பத்துக்கிட்ட போனதும் பாண்டிமீனா கல்லுக்குக் குனிஞ்சா. டீச்சர் அவ கையத் தடுத்தாங்க. ஒரு கல்ல எடுத்து ஹெச்.எம். சார்கிட்ட நீட்டுனாங்க.

"நீங்க வைங்க சார். இவ வச்சா இவ இஷ்டம்பீங்க. நான் வச்சா என் இஷ்டம்பீங்க."

"எனக்கு ஆபீஸ்ல வேலை கெடக்கு டீச்சர்."

"பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிரும்னு நீங்கதான சார் சொன்னீங்க? இன்னும் அஞ்சு நிமிசம்தான்."

பேன்ட்ட முட்டிக்கு மேல இழுத்து விட்டுக்கிட்டு அவரு குந்துனாரு. நிழல் முடியுற எடத்துல கல்ல வச்சாரு. பன்னெண்டு ஆச்சு. நிழல் கல்ல விட்டு உள்ள போச்சு. இன்னொண்ணு வச்சாரு. அதுவும் வெளிய கெடந்துச்சு.

பன்னெண்டு பத்து ஆச்சு. அன்னைக்கு மணி அடிக்கிற முறை சௌமியாவுக்கு. ஓடி வந்தா.

"டீச்சர், சுத்தியல்."

"இருக்கட்டும்."

"சோத்துக்கு நேரமாச்சு டீச்சர்."

"தெரியும்."

ஹெச்.எம். சார் நிமிந்தாரு. "டீச்சர், மணி அடிக்கச் சொல்லுங்க. பிள்ளைங்க பசியோட இருக்கும்."

"எனக்கும் பசிக்குது சார். ஆனா நிழல் இன்னும் மணி அடிக்கல."

மணி வரலைங்கவும் ஒவ்வொரு வகுப்பா எட்டிப் பாத்துச்சு. அப்புறம் தட்டோட வெளிய வந்துச்சு. கொஞ்ச நேரத்துல கொடிக்கம்பத்தச் சுத்தி ஒரே தட்டுச் சத்தம்.

"ஏய் பாண்டி, உன்னால எங்களுக்குச் சோறு போச்சுடீ."

"பத்து நிமிசத்துல செத்துற மாட்ட. குனிஞ்சு பாரு."

குனிஞ்சாங்க. முதல்ல ரெண்டு பேரு. அப்புறம் ஏழெட்டுப் பேரு. "ஏ, உள்ள போகுது. கல்ல விட்டு உள்ள போகுது." தட்டுச் சத்தம் நின்னு போச்சு.

"தள்ளுங்க, தள்ளுங்க, நிழல மறைக்காதீங்க," அப்படின்னு வெரட்டுனது யாருன்னு பாத்தா, ஹெச்.எம். சார். சட்டை முதுகுல ஒட்டியிருந்துச்சு. கண்ணு தரைய விட்டு அசையல. பக்கத்துல ஏழு கல்லு.

எட்டாவது கல்லுல நிழல் நின்னுச்சு. அசையாம கெடந்துச்சு. அப்புறம், ஒரு எறும்பு நகர்ற அளவுக்கு, வெளிய வந்துச்சு.

அவரு கைக்கடிகாரத்தப் பாத்தாரு. பன்னெண்டு இருபத்திரண்டு தாண்டியிருந்துச்சு. காதுக்கிட்ட கொண்டுபோய் வச்சுக் கேட்டாரு.

"இது கொஞ்சம் வேகமா ஓடும்," அப்படின்னாரு.

"ஆபீஸ் கடிகாரமும் வேகமா ஓடுதா சார்?" பாண்டிமீனா விடல.

அவரு எந்திரிச்சு முட்டிய ரெண்டு தட்டுத் தட்டுனாரு. நாலடி நடந்தவரு திரும்பாமயே சொன்னாரு. "தாளு இருக்கட்டும். கையெழுத்த டீச்சரே போட்டுக்கட்டும்."

ரெஜினா டீச்சர் வராண்டாவுக்குப் போய் தண்டவாளத்த ஓங்கி அடிச்சாங்க.

ஆபீஸர் அன்னைக்கு வரல. வேற ஊருக்குப் போயிட்டாராம்.

சாப்பாட்டு நேரம் முடியப்போற சமயத்துல பாண்டிமீனா ரெக்கார்டு நோட்டோட டீச்சர்கிட்ட வந்தா. அஞ்சு நாள்ல அன்னைக்குத்தான் எல்லாரோடயும் சேந்து சாப்பிட்டிருந்தா. கைல இன்னும் குழம்பு வாசம்.

"இப்பப் போடுங்க."

டீச்சர் பேனாவ எடுத்தாங்க. அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டாங்க. அதுக்குக் கீழ இன்னும் ரெண்டு வார்த்தை எழுதி நோட்ட அவ பக்கம் தள்ளுனாங்க.

மறுபடி செய்.

பாண்டிமீனா அதையே பாத்துக்கிட்டு நின்னா.

"ஹெச்.எம். சாரே கல்லு வச்சுப் பாத்துட்டாரு. இன்னும் என்ன மறுபடி? நான் சொன்னது உண்மைன்னு உங்களுக்கு திங்கக்கிழமையே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே பொய் எழுதுனவங்களுக்கு டிக் போட்டீங்க. அது மட்டும் பொய் இல்லையா டீச்சர்?"

"பொய்தான்."

அவ இத எதிர்பாக்கல.

டீச்சர் டிபன் பாக்ஸத் தெறந்தாங்க. உள்ள சோறு வெறச்சுக் கெடந்துச்சு.

"எட்டாவதுல எனக்கும் டிக்குதான் போட்டாங்க," அப்படின்னாங்க. "கைடுல இருந்தது அப்பவும் பன்னெண்டுதான்."

"அப்ப அவங்களையும் மறுபடி செய்யச் சொல்ல வேண்டியதுதான? என்னை மட்டும் ஏன் போட்டு வதைக்கிறீங்க?"

ரெஜினா டீச்சர் ஒரு வாய் சோத்தப் பெசஞ்சு எடுத்தாங்க.

"அவங்க இன்னும் ஒரு தடவகூடச் செய்யலயேடீ. மறுபடி செய்யுன்னு எப்படிச் சொல்றது?"