மஸ்கட் கரையில் கூவிய குளச்சல் சேவல்

"கூவுன கரை வேற, விடிஞ்ச கரை..." என்று தொடங்கி, மஸ்கட்டுக்குப் பாய்மரக்கப்பல் ஓட்டிய தண்டல் சிலுவைமுத்து ஏதோ சொல்வார். மீதி எனக்கு மறந்துபோயிற்று. அதற்கு அவர் சொன்ன கதை மட்டும் நினைவிருக்கிறது.

பறவைக்கும் விலங்குக்கும் பேச்சு இருந்த காலத்தில், கடலின் இரண்டு கரைக்கும் சேர்த்து ஒரே சேவல்தான் கூவியது. அது குளச்சலில் இருந்தது. கடல்மேல் ஆலா என்னும் கடற்பறவைகள் வரிசையாக மிதக்கும். ஒன்று வாங்கி அடுத்ததிடம் கொடுக்க, மூச்சு விடும் நேரத்தில் கூவல் மஸ்கட் கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தக் கரையிலும் சேவல்கள் உண்டு. கூவுகிற வேலை இல்லாததால் அவற்றுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. இங்கிருந்து தேங்காய் போக வேண்டும், அங்கிருந்து பேரீச்சம்பழம் வர வேண்டும். நேரக் கணக்கு ஒன்றாக இருந்தால்தான் சரிப்படும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

மஸ்கட் கரையில் தண்ணீர் முறைவைத்துப் பாயும். மலையிலிருந்து வரும் வாய்க்காலுக்கு ஒரே மடை. சேவலின் முதல் கூவலுக்கு ஒட்டகத்தின் முறை தொடங்கும், இரண்டாம் கூவலுக்கு ஆடுகளின் முறை. மடை திறப்பது உடும்பு. வெயில் முதுகில் பட்டால்தான் உடும்புக்குக் கைகால் அசையும். ஆனால் முதல் கூவல் வந்து சேரும்போது அங்கே கும்மிருட்டு. உடும்பு பொந்தைவிட்டு வெளியே வருவதற்குள் இரண்டாம் கூவலும் வந்துவிடும். உன் முறை போய்விட்டதே என்று ஒட்டகத்திடம் வருத்தமாகச் சொல்லிவிட்டு, ஆடுகளுக்குத் திறந்துவிடும்.

ஒட்டகம் பொறுத்துக்கொண்டது; பொறுப்பது அதற்குப் பழக்கம். அந்த வருஷம் அது கன்று ஈன்றது. தண்ணீர் இல்லாமல் தாய்க்குப் பால் வற்ற, கன்று எழுந்து நிற்க மாட்டாமல் வாய்க்கால் ஓரத்தில் படுத்துவிட்டது. ஆடுகளிடம் கேட்கலாமே என்றால், அடுத்தவர் முறையில் வாய்வைப்பது அந்தக் கரையில் வழக்கமில்லை.

கூவலைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று ஒட்டகம் ஆலாக்களிடம் சொல்லியனுப்பியது. சேதி புறப்பட்டது மாலையில். குளச்சலில் சேவல் அதற்குள் கூட்டில் அடைந்துவிட்டது. விடியலில் சேவல் விவரம் கேட்டனுப்பியது. அங்கே உடும்பு தூக்கத்தில். இதற்கிடையில் வெள்ளிக்கிழமை வந்தது, அது அந்தக் கரைக்கு ஓய்வு நாள். ஞாயிறு இந்தக் கரைக்கு. ஒருவழியாகப் பதில் போய்ச் சேர்ந்தபோது அதில் சூடு மட்டும் ஆறாமல் இருந்தது.

"நேரத்துக்கு எழும்பத் தெரியாதவனுக்கெல்லாம் நான் தொண்டையை அடக்கணுமா? நான் பிந்தினா இங்க வள்ளம் பிந்தும். வள்ளம் பிந்தினா மீன் போச்சு."

உடும்புக்கு ரோசம் வந்துவிட்டது. அவர் ஒருநாள் இங்கே வந்து எழும்பிப் பார்க்கட்டும் என்றது. ஒட்டகம் கன்றின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

வரிசையின் கடைசியில் இருந்த ஆலா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள், சேவலின் முதல் கூவல் அதனிடம் வந்து சேர்ந்தபோது, அது வாயைத் திறக்கவில்லை. உடும்பின் முதுகில் வெயில் விழும்வரை கூவலைத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தது. பிறகுதான் வெளியே விட்டது. இரண்டாவதையும் அதே அளவு பிந்தி விட்டது. ஒட்டகம் வயிறு நிறையக் குடித்தது. கன்று அன்று எழுந்திருக்கவில்லை, நாக்கை மட்டும் நனைத்தது.

நாள்தோறும் இப்படி மஸ்கட்டில் வேலை பிந்தித் தொடங்க, பேரீச்சம்பழம் வந்து சேரத் தாமதமானதும் குளச்சலில் விஷயம் வெளிப்பட்டது. சேவலுக்குக் கொண்டை நிமிர்ந்துவிட்டது. கூவுகிற வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, நேரில் கேட்பதற்குக் கப்பல் ஏறியது.

மஸ்கட்டில் இறங்கியதும் கேட்டது: "எனக்க கூவலை வழியில விழுங்குறவன் யாருடே?"

"நான்தான் அண்ணே," என்றது கடைசி ஆலா. "கூவலை மாத்தல்ல. விடியிற வரைக்கும் வாயில வச்சிருந்தேன், அவ்வளவுதான்."

அதெல்லாம் காலையில் பேசிக்கொள்வோம், என் கூவலுக்கு எவன் எழும்பாமல் இருக்கிறான் என்று நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சேவல் தூங்கப்போனது.

வழக்கமான நேரத்துக்கு அதற்கு விழிப்புத் தட்டியது. பாறைமேல் ஏறிக் கூவியது. யாரும் அசையவில்லை. நட்சத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. மறுபடியும் கூவியது. கூவியபின் விடியாமல் இருந்ததைச் சேவல் தன் ஆயுளில் பார்த்ததில்லை. சூரியனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தது.

இருட்டுக்குள்ளிருந்து ஒட்டகத்தின் குரல் வந்தது. "தினமும் இப்படித்தான். உட்காருங்க."

சேவல் இறங்கிவந்து உட்கார்ந்தது. பக்கத்தில் கன்று மூச்சு விடுவது கேட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே சேவல் காத்திருந்தது. வேறு வேலை இல்லாததால் நாழிகையை எண்ணியது. மூன்றே முக்கால் நாழிகை, நம் கணக்கில் ஒன்றரை மணி நேரம், ஆயிற்று. அப்புறம் தன் ஊர்ப் பக்கத்திலிருந்து, குளச்சலில் எல்லோரும் பார்த்து முடித்த அதே சூரியன், நிதானமாக மேலே வந்தது.

உடும்பு வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னது: "ராத்திரி யாரோ கத்தினாப்பல இருந்துதே, சேவலாரே. புது இடம், தூக்கம் வரல்லியோ?"

சேவல் வாய்க்கால் ஓரத்துக்குப் போனது. மடை திறந்து தண்ணீர் வருவதையும், கன்று முன்னங்காலை ஊன்றிப் பார்த்துச் சரிந்து, மறுபடி ஊன்றியதையும் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அந்தக் கரையின் தொண்டை கட்டிய சேவல் ஒன்றைக் கூப்பிட்டது.

"நாளையிலேருந்து இங்க நீ கூவு."

எனக்குப் பழக்கமில்லையே என்றது அது.

"வெளிச்சம் கண்டா தன்னால வரும்."

ஆலாக்களிடம், இனி யாருக்குச் சேதி கொண்டுபோனாலும் அங்கே விடிந்தாயிற்றா என்று கேட்டுவிட்டு வாயைத் திறங்கள் என்றது. அன்று மாலையே ஊருக்குக் கப்பல் ஏறியது.

மஸ்கட்டின் கணக்கு குளச்சலுக்கு மூன்றே முக்கால் நாழிகை பின்னால் ஓடத் தொடங்கியது அன்றைக்குத்தான். ஒரு கரைக்கு ஒரு சேவல் என்று குளச்சல் சேவல் முடிவு செய்த நாள் அது.