எலுமிச்சம்பழத்தின் மேல் நின்ற வண்டி

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே நாச்சிமுத்து என்றொரு சீடர் இருந்தார். அறுபதைத் தாண்டியவர். அவருடைய குருவான செலினுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

செலின் கோயமுத்தூரில் பந்தய வண்டிகளுக்கு எஞ்சின் வேலை பார்ப்பவர். நாச்சிமுத்து பஸ் பிடித்துப் போய் அவருடைய ஷெட் வாசலில் நின்றார்.

“அம்மிணி, ஒரு வண்டியை எழுப்பறதுக்குக் கத்துக் குடுக்கோணும்.”

“நானே வந்து எழுப்பித் தர்றேனுங்க ஐயா.”

“இல்லீங்க. என்ற கையாலதான் அது நின்னுது. என்ற கையாலயே எழுந்திரிக்கோணும்.”

எந்த வண்டி என்று சொன்னார். செலின் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த வண்டியை அவருக்குத் தெரியும். அதை ஓட்டியவளையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு காலையில் பனி இறங்கியிருந்தது. தென்னைகளுக்குத் தலை இல்லை. வீட்டுக்குக் கூரை மட்டும் இருந்தது, அதுவும் சற்று மிதந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் மஞ்சள் வண்டி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. முன்விளக்குகள் மூக்குக்குள் மடங்கிக் கிடந்ததால் கண் மூடித் தூங்குவதாகவே தோன்றியது.

நாச்சிமுத்துவின் மகள் பூங்கோதை அதைப் பழைய வண்டியாக வாங்கினாள். ஜப்பானில் பிறந்து, யார் யார் கையிலோ ஓடி, கடைசியில் அவளிடம் வந்தது. தேன்கூட்டைப் பானைக்குள் வைத்து மூடியது போல ஒரு சத்தம் போடும். பொழுது சாயும் நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் அவள் அம்மா தெய்வாத்தாள் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள். போன வருஷம் ஆடியில் ஒரு காய்ச்சல் வந்தது. மகள் போனாள். தெய்வாத்தாளின் பேச்சும் அதோடு போனது. சமைப்பாள், மாட்டுக்குத் தண்ணீர் வைப்பாள், யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

“எப்படி நின்னுதுங்க?” என்று கேட்டார் குரு.

நாச்சிமுத்து தரையைப் பார்த்தபடி சொன்னார். “வருஷ திதி முடிஞ்சு வந்த ஆயுத பூஜைங்க. டிராக்டர் மாதிரி இதையும் கழுவி, பொட்டு வெச்சு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சேன். டிராக்டர் பேட்டரிய மாட்டிச் சாவியத் திருப்புனேன். உடனே புடிச்சிருச்சு. அந்தச் சத்தத்துக்கு தெய்வா வாசலுக்கு வந்துட்டாளுங்க. அவ மூஞ்சி, அம்மிணி... அந்த மூஞ்சியப் பார்த்து வருஷமாச்சு.”

“அப்புறம்?”

“ரெண்டடி நகர்த்துனேன். பழம் நசுங்கிச்சு. பூஜை ஆச்சே, எதுக்குப் பெட்ரோல வீணாக்கறதுன்னு அணைச்சுப் போட்டேன். அவ உள்ள போயிட்டா. அப்புறம் எத்தனை திருகியும் வண்டி புடிக்கல.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“தோட்டத்து மோட்டார் தண்ணி எடுக்கலீன்னா நாங்க குழாய்ல தண்ணி ஊத்தி எடுப்பமுங்க. அந்த நெனப்புல ஆக்சிலேட்டர மிதிச்சு மிதிச்சுத் திருகுனேன். தினமும். பேட்டரி தீர்ந்தா சார்ஜ் போட்டு மறுபடியும் மிதிச்சேன்.”

குரு திட்டவில்லை. முன்மூடியைத் திறந்து, சின்ன ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கிச் சீடரின் கையில் வைத்தார்.

“சட்டைப்பையில வெச்சுக்குங்க. இது இல்லாம பெட்ரோல் ஏறாது.”

“பெட்ரோல் இல்லாம எப்படீங்க ஸ்டார்ட் ஆகும்?”

“ஸ்டார்ட் பண்ண இன்னைக்கு நான் வரலீங்க ஐயா.”

பிறகு கீழ்வரிசை ஸ்பார்க் பிளக்குகளைச் சீடரையே கழற்றச் சொன்னார். எல்லாம் கறுத்து, நனைந்து வந்தன.

அந்த நேரத்தில் தெய்வாத்தாள் காபி கொண்டுவந்தாள். டம்ளர்களை வைப்பதற்குள் நாச்சிமுத்து தொடங்கிவிட்டார். “தெய்வா, இந்த அம்மிணிதான், நம்ம பாப்பா வண்டியப் பார்த்தவங்க. எழுப்பிரலாம்னுதான் வந்திருக்குறாங்க. நீ காத்தால சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா? உங்க அக்கா வர்றேங்குது, வரச் சொல்லட்டுமா? வெள்ளிக்கிழமை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வரலாமா?”

தெய்வாத்தாள் பனிக்குள் திரும்பி நடந்தாள். முதலில் கால் மறைந்தது, பிறகு சேலை, பிறகு அவளே மறைந்தாள்.

நாச்சிமுத்து குருவிடம் திரும்பினார். “நானும் சொல்லாத ஆறுதல் இல்லீங்க அம்மிணி. போகாத கோயில் இல்ல. பாப்பாவப் பத்திப் பேசியும் பார்த்துட்டேன், பேசாமயும் பார்த்துட்டேன். டிவி வாங்கி வெச்சேன். இன்னும் என்ன சொன்னா அவ வாயத் திறப்பா?”

குரு காபியைக் குடித்து முடித்தார். ஈரமான பிளக் ஒன்றை வண்டியின் ஒயரில் மாட்டி, எஞ்சினின் இரும்பு மேல் படுக்க வைத்தார். பெட்ரோல் வாடை இல்லாத பக்கமாகத் தள்ளி வைத்து, சீடரைச் சாவியைத் திருகச் சொன்னார். நீலமாக ஒரு பொறி சொடுக்கியது.

“பொறி இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

பிளக்கை எடுத்துச் சீடரின் உள்ளங்கையில் வைத்தார். “மோந்து பாருங்க.”

“முழுக்கப் பெட்ரோலுங்க.”

“இத்தனை ஈரத்துல எதுங்க பத்தும்?”

சீடர் இன்னொரு முறை மோந்து பார்த்தார்.

பிளக் இருந்த துளைகள் திறந்தே கிடக்க, சாவியைத் திருகச் சொன்னார் குரு. மிதிக்கக் கூடாது, வெறுமனே திருக வேண்டும். எஞ்சின் மூச்சுவிட்டது. துளைகளிலிருந்து பெட்ரோல் புகைபோலப் பீறிட்டு, வெளியே நின்ற பனியோடு கலந்தது. எது பனி எது பெட்ரோல் என்று தெரியவில்லை. பீறிட்டது தணிந்து, கடைசியில் வெறும் காற்று மட்டும் வந்தது.

துளைகளின் மேல் ஒரு வேட்டித் துணியைப் போர்த்தினார் குரு. “அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஒண்ணும் பண்ணாதீங்க.”

“பேட்டரிக்கு சார்ஜ்?”

“அது போடலாம்.”

“மத்ததுங்க?”

“ஒண்ணும் பண்ணாதீங்க.”

“அப்பவும் புடிக்கலீன்னா?”

குரு மறைக்கவில்லை. “இந்த எஞ்சினுக்குள்ள பிஸ்டன் கிடையாதுங்க. முக்கோணமா ஒண்ணு சுத்தும். மூணு முனையும் சுவத்தத் தேய்ச்சுட்டே போகும். நடுவுல எண்ணெய்ப் பசை இருந்தாத்தான் காத்து ஒழுகாது. சூடேறறதுக்குள்ள அணைச்சதுல உள்ள தங்குன பெட்ரோலும், நீங்க மிதிச்சு ஊத்துன பெட்ரோலும் அந்தப் பசையக் கழுவிருச்சு. முனை தேஞ்சிருந்தா எஞ்சினப் பிரிக்கணும். பிரிச்சா உள்ள போட சாமான் இங்க கிடைக்காது. அதோட சரி.”

அந்த வாரம் நாச்சிமுத்து கொட்டகையிலேயே கிடந்தார். செய்ய ஒன்றுமில்லாத மனிதனைப் போலப் பாவப்பட்ட பிறவி வேறு இல்லை. பயத்தில் அவருக்குப் பேச்சும் வற்றிப்போனது. ஒரு சாயங்காலம் தெய்வாத்தாள் காபியோடு வந்தாள். அவர் வாயைத் திறந்தார், சொல்வதற்கு எதுவும் அகப்படவில்லை, மூடிக்கொண்டார். தெய்வாத்தாள் உடனே போகவில்லை. வேட்டித் துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகுதான் போனாள்.

மறு ஞாயிறும் பனிதான். குரு வந்து, துளைகளில் துளித்துளியாக எஞ்சின் ஆயில் விட்டார். சீடர் காய்ந்த பிளக்குகளைப் பூட்டினார். சட்டைப்பையிலிருந்து ஃபியூஸை எடுத்து அதன் இடத்தில் அழுத்தினார். 

“மிதிச்சு மிதிச்சு விடாதீங்க,” என்றார் குரு. “அடியோட ஒரே மிதியா அமுக்கிப் புடிச்சுட்டுத் திருகுங்க. அப்படிப் புடிச்சா இந்த வண்டிக்குப் பெட்ரோல் போகாது, காத்து மட்டும் போகும். புடிக்கிற மாதிரி இருந்தா மெல்லக் கால எடுங்க.”

திருகினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி திருகினார். பிடிக்கவில்லை. பேட்டரியின் குரல் இறங்கத் தொடங்கியது. நாச்சிமுத்துவின் பாதம் பழக்கதோஷத்தில் ஒரு முறை துள்ளியது.

“ஐயா.”

“தெரியுதுங்க அம்மிணி. கால் கேக்க மாட்டேங்குது.”

“கேக்கும். இருங்க.”

இருந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாப்பா உட்கார்ந்த சீட்டில், பாப்பா பிடித்த ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஒன்றுமே செய்யாமல் இருந்தார். பிறகு ஒரே மிதியாக அமுக்கித் திருகினார்.

எங்கோ தூரத்தில் யாரோ இருமியது போல இருந்தது. இன்னொரு இருமல். பாதத்தை மெல்ல எடுத்தார். வண்டி மொத்தமும் சிலிர்த்து, பானைக்குள் தேன்கூடு விழித்துக்கொண்டது. பின்னாலிருந்து எண்ணெய் கருகும் வெள்ளைப் புகை கிளம்பி, கொட்டகையை நிறைத்து, தோப்புக்குள் பரவியது. தென்னைகள் இடுப்புவரை மறைந்தன.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து தெய்வாத்தாள் வந்தாள். கையில் மாவுக் கரண்டி இருந்தது.

நாச்சிமுத்துவின் கை தானாகச் சாவிக்குப் போனது. வந்துவிட்டாளே, போதுமே. குரு வெளியிலிருந்து லேசாகத் தலையசைத்தார். கை திரும்பி வந்தது.

தெய்வாத்தாள் வண்டியைச் சுற்றி வந்தாள். நடுங்கிக்கொண்டிருந்த மஞ்சள் தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே ஜன்னலருகே குனிந்து, புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவள் குரல் துருப்பிடித்துக் கரகரவென்று வந்தது.

“அன்னைக்கு ஏனுங்க அணைச்சீங்க?”

அவருக்குள் ஆயிரம் பதில்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. மன்னிப்பு, சமாதானம், மாத்திரை, கோயில், பெட்ரோல் விலை, எல்லாம் தொண்டைவரை வந்து நெருக்கின. அவர் தவித்துப்போய் குருவைப் பார்த்தார்.

“அம்மிணி, இப்ப நான் என்ன சொல்லட்டும்?”

குரு தரையில் கிடந்த பிளக் ஸ்பேனரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“இன்னும் சூடேறலீங்க ஐயா. ஓடட்டும்.”