முள்ளம்பன்றியின் புத்தகம் வெளிவந்த கதை

ஓடைக்கரைக் காட்டில் முள்ளம்பன்றிக்கு முதன்முதலில் தீங்கு செய்தது ஓர் ஆள்காட்டிக் குருவி. மானும் கரடியும் பிறகுதான் வந்து சேர்ந்துகொண்டன. தொடங்கி வைத்தது குருவி. குழந்தைகளே, இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முள்ளம்பன்றி வைத்திருக்கிறது.

அந்த முள்ளம்பன்றி அதிகம் படித்ததில்லை. ஆனாலும் ஒரு மழைக்காலம் முழுவதும் வளைக்குள் உட்கார்ந்து, பனையோலையில் ஒரு கதை எழுதியது. ஆற்றில் வெள்ளம் வந்தபோது அக்கரையில் நின்ற கன்றைத் தேடி நீந்திப்போன ஒற்றைக்கொம்பு எருமையின் கதை. எழுத்தாணிக்கு எங்கே போவது? தன் முதுகிலிருந்தே முள்ளைப் பிடுங்கிக்கொண்டது. ஒன்று மழுங்கினால் இன்னொன்று. கதை முடிந்தபோது இடுப்புப் பக்கம் வழுக்கையாகிவிட்டது.

காட்டில் இருந்தது ஒரே ஒரு பதிப்பகம். ஆள்காட்டி புதிதாகத் தொடங்கிய பருக்கைக்கல் பதிப்பகம். கதையை வாங்கி, அணில்களைக் கொண்டு படியெடுத்து, நாரில் கோத்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதாக அது சொல்லியிருந்தது.

"என்னிடம் இருப்பது இந்த ஒரு கட்டுதான். பத்திரம்" என்றது முள்ளம்பன்றி.

"ஐயா, என் முட்டையைவிடப் பத்திரமாக வைத்திருப்பேன்" என்றது ஆள்காட்டி.

ஆள்காட்டி முட்டையிடுவது வெட்டவெளியில், பருக்கைக்கல்லுக்கு நடுவில். முள்ளம்பன்றி அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஓடைக்கரை வேலமரத்தில் ஓர் ஓலை தொங்கியது. "இனிய செய்தி! காட்டின் முதல் கதைப் புத்தகம் வருகிறது!"

விலங்குகள் கூட்டம் கூட்டமாக வந்து படித்தன. முள்ளம்பன்றிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "படித்தீர்களா?" என்று கேட்டது.

அதற்கடுத்த நாள் இன்னோர் ஓலை. "இனிய செய்தி! அட்டைப்படம் நாளை வெளியாகும்!" நாளையும் வந்தது. "இனிய செய்தி! அட்டைப்படத்தில் ஒரு சிறிய மாற்றம்!" பிறகு, "எங்கள் கூட்டை மேற்குப் பக்கமாக மாற்றியிருக்கிறோம்!" அதன்பிறகு, "மழை வரும் போலிருக்கிறது. வாசகர்களுக்கு எங்கள் அன்பு!"

படியெடுக்க வந்த அணில்கள் வேலை இல்லாமல் கொட்டாவி விட்டன. ஆள்காட்டிக்கு அறிவிப்பு எழுதவே பொழுது சரியாக இருந்தது.

முள்ளம்பன்றி பொறுத்துப் பார்த்தது. பிறகு கிளம்பி நேரே பதிப்பகத்துக்குப் போனது.

"என்னப்பா, என் புத்தகம் என்ன ஆயிற்று?"

"நடந்துகொண்டே இருக்கிறது, ஐயா! தூங்கக்கூட நேரமில்லை."

"எது நடக்கிறது? அணில் எல்லாம் வாலைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறதே!"

"முதலில் எதிர்பார்ப்பை உண்டாக்க வேண்டும், ஐயா. புத்தகம் தானாக வரும்."

முள்ளம்பன்றி மூலையில் இருந்த தன் ஓலைக்கட்டைப் பார்த்தது. மேலே முதல் பக்கம் அப்படியே இருந்தது. ஆனால் கட்டு சின்னதாகத் தெரிந்தது.

"கட்டு இளைத்திருக்கிறதே?"

"காய்ந்தால் ஓலை இளைக்கத்தானே செய்யும்? நீங்கள் நிம்மதியாகப் போய்வாருங்கள்."

முள்ளம்பன்றி நிம்மதியில்லாமல் போனது. மறுநாள் மரத்தில் தொங்கியது: "இனிய செய்தி! எழுத்தாளர் நம் பதிப்பகத்துக்கு வருகை! ஓலையின் தரம் குறித்து உரையாடல்!"

அடுத்த முறை போய், "அடேய் குருவி! என் கதையைத் திருப்பிக் கொடு!" என்று காடு அதிரக் கத்தியது. அதற்கு மறுநாள் அறிவிப்பு: "எழுத்தாளர் மனம் திறந்து பேசினார்!"

அதைப் படித்துவிட்டு வந்த முயல், "எங்களிடமும் மனம் திறந்து பேசக் கூடாதா, பெரியவரே?" என்று பயந்து பயந்து கேட்டது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது. முயல் ஓடிவிட்டது.

கடைசியில் வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள். "பழைய அறிவிப்பு ஓலைகளை எடுத்து வருவோருக்கு முன்வரிசையில் இடம்!" என்று ஆள்காட்டி பறந்து பறந்து கூவியது. விலங்குகள் மரத்திலிருந்து கழற்றி வீட்டில் சேர்த்து வைத்திருந்த ஓலைகளோடு வந்து குவிந்தன. தலைமை தாங்கக் கரடி வந்தது. எந்த விழாவுக்கும் மறுக்காமல் வருவது அதுதான்.

கரடி தொண்டையைக் கனைத்தது. "இந்தப் புத்தகத்தை நேற்று ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கண்கள் குளமாகிவிட்டன. இதுபோல் ஒரு காதல் கதையை நான் படித்ததே இல்லை."

"காதலா?" என்றது முள்ளம்பன்றி. "எருமை கன்றைத் தேடிப் போகிறதய்யா!"

"அதைத்தான் சொல்கிறேன்" என்று கரடி மேலும் நெடுநேரம் பேசியது.

பிறகு மந்தாரை இலையில் சுற்றிய புத்தகத்தைப் பிரித்தார்கள். பளபளவென்று அட்டை வெளியே வந்தது. அட்டையைத் திறந்தார்கள். உள்ளே பின் அட்டை இருந்தது.

"கனமில்லாத நடை" என்றது கரடி.

முள்ளம்பன்றி மேடையில் ஏறியது. "என் கதை எங்கேடா?"

ஆள்காட்டி ஒற்றைக்காலில் நின்று அங்குமிங்கும் பார்த்தது. "கதையா... இங்கேதான்..."

அப்போது முன்வரிசையிலிருந்து முயல் மெல்ல எழுந்தது. "தப்பாக நினைக்கக் கூடாது. என் அறிவிப்பு ஓலையின் பின்பக்கத்தில் ஓர் எருமை வருகிறது."

நரி தன் ஓலையைத் திருப்பிப் பார்த்தது. "என்னுடையதில் ஆறு வருகிறது!"

"என்னுடையதில் கன்று கத்துகிறது!" என்றது கீரி.

முள்ளம்பன்றி ஓடிவந்து ஓலைகளைப் பிடுங்கிப் பார்த்தது. ஒரு பக்கம் இனிய செய்தி. மறுபக்கம் தன் கையெழுத்து.

"புது ஓலை வெட்டப் பனைமரம் வரை போக நேரமில்லை, ஐயா" என்றது ஆள்காட்டி. "பின்பக்கம் சும்மாதானே கிடந்தது. அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினேன். உங்கள் புத்தகத்துக்காகத்தானே செய்தேன்?"

முள்ளம்பன்றி ஓலைகளை வாங்கி வாங்கி வரிசைப்படுத்தியது. நரி உரக்கப் படித்தது. கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. எருமை வெள்ளத்தில் இறங்கியது. நடு ஆற்றில் மரம் ஒன்று உருண்டு வந்தது. எருமை முங்கியது. கொம்பு மட்டும் வெளியே தெரிந்தது. கன்று அக்கரையில் நின்று கத்தியது.

அத்தோடு ஓலை தீர்ந்தது.

"கடைசி ஓலை எங்கே?" என்றது முள்ளம்பன்றி.

அடியிலிருந்து உருவியதால் கடைசி ஓலைதான் முதல் அறிவிப்பாகியிருந்தது. வேலமரத்தில் முதன்முதலில் தொங்கியது அதுதான். எல்லோரும் மானைப் பார்த்தார்கள். தாழ்ந்த கிளையில் எது தொங்கினாலும் கடித்துவிடுவது மானின் வழக்கம்.

"எனக்கு எழுத்துத் தெரியாது" என்றது மான், தலையைக் குனிந்து. "நல்ல மொறுமொறுப்பாக இருந்தது."

ஆள்காட்டி சட்டென்று சிறகை விரித்தது. "இனிய செய்தி! முதல் பதிப்பு முழுவதும் தீர்ந்தது!"

முயல் அழுதுவிட்டது. "பெரியவரே, நீங்களாவது சொல்லுங்கள். எருமை கரை சேர்ந்ததா?"

"வாயால் சொல்வதற்கா முதுகு முள்ளைப் பிடுங்கிக்கொண்டேன்?" என்றது முள்ளம்பன்றி. "அந்தக் குருவியைக் கேள். என் ஓலையை அவன் திருப்பித் தரட்டும். அதுவரை எருமை ஆற்றிலேயே கிடக்கட்டும்."

சொல்லிவிட்டு ஓலைகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டது.

ஓடைப்பக்கம் யார் போனாலும் ஆள்காட்டி இன்றைக்கும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்து கூவுகிறது. "தேடிக்கொண்டிருக்கிறோம்! விரைவில் கிடைத்துவிடும்!" வளைக்குள் முள்ளம்பன்றி அதைக் கேட்டு முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு திரும்பிப் படுக்கிறது. கடைசி ஓலை இன்னும் வந்து சேரவில்லை.

நீதி: செய்யாமல் செய்தி மட்டும் சொல்லித் திரிபவரிடம் கடைசியில் சொல்வதற்கு ஒரு செயலும் மிஞ்சாது.