வயிறு ஒட்டிய நூறு குதிரைகள்

முன்னொரு காலத்திலே கருங்குன்றம் என்று ஒரு சீமை. அதை மகுடபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்றா சொன்னேன்? சாப்பிட்டார், தூங்கினார், நடுவிலே கொஞ்சம் ஆண்டார்.

அவரிடம் அம்பலவாணர் என்று ஒரு மந்திரி. ராஜ்யத்திலே எங்கே புரட்டு நடந்தாலும் விசாரிக்கிற வேலை அவருக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. யாராவது சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னால்கூட ‘இவன் எதை மறைக்கிறானோ’ என்று யோசிக்கிற அளவுக்கு மனுஷர் அலுத்துப்போயிருந்தார். முழங்கால் வலி வேறு.

ஒருநாள் குதிரைப்படைத் தலைவர் ரணதீரர் மீசையை முறுக்கிக்கொண்டு சபைக்கு வந்தார். பின்னாலேயே வடக்குக் கோட்டை லாயக்காரன் சடையனை, இரண்டு கையையும் கயிற்றால் கட்டி இழுத்து வந்தார்கள்.

“மகாராஜா! வடக்கு, கிழக்கு, தெற்கு, மூன்று கோட்டையிலும் கோட்டைக்கு நூறாக முந்நூறு குதிரை நிற்கிறது. இந்தப் பயல் கிழக்கு லாயமும் தெற்கு லாயமும் காலி என்று பிராது கொடுத்திருக்கிறான்!”

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வருஷா வருஷம் நானே போய்ப் பார்க்கிறேனே! அப்போது நான் என்ன குருடனா? பொய்ப் பிராது கொடுத்தவனுக்கு வலது கை போகவேண்டியதுதான். அம்பலவாணரே, மூன்று நாளில் விசாரித்துச் சொல்லும்.”

“மூன்று நாள் போதுமா மகாராஜா?” என்றார் ரணதீரர். “மந்திரியார் எழுந்து நிற்கவே அரைநாள் ஆகிறதே!”

சபை கொல்லென்று சிரித்தது. அம்பலவாணருக்குக் கோபம்கூட வரவில்லை. “வாஸ்தவம் தளபதியாரே. உட்கார்ந்தே விசாரிக்கிறேன்” என்றார்.

அன்று மத்தியானம் சடையனிடம் போய்க் கேட்டார். “ஏனப்பா, பேசாமல் இருந்திருக்கலாமே? பெரிய இடத்தோடு உனக்கென்ன வம்பு?”

“கிழக்கேயும் தெற்கேயும் போயி, குதிரையே இல்லாத லாயத்துல தினமும் தொட்டி நிறையத் தண்ணி ஊத்தச் சொன்னாங்க சாமி. ஊத்தினேன். குடிக்க ஒரு வாய் இல்ல. எத்தனை நாள் சாமி பாத்துக்கிட்டு இருக்கிறது? மனசு கேக்கல.”

அம்பலவாணர் பெருமூச்சு விட்டார். அந்த நாட்டிலே ஒரு வழக்கம் உண்டு. ராஜா கோட்டை பார்க்கப் போனால் ஒரு நாளைக்கு ஒரு கோட்டைதான். ஏனென்றால் கோட்டைக்கு ஒரு விருந்து. விருந்து முடிந்தால் பொழுது சாயும்வரை தூக்கம். அந்தத் தூக்கத்திலே நூறு குதிரை என்ன, ஒரு படையையே இடம் மாற்றலாம்!

“மகாராஜா, இன்னொரு தடவை மூன்று கோட்டையையும் பார்த்துவிடுவோமே” என்றார் மந்திரி. விருந்து நினைவுக்கு வந்ததும் ராஜா பல்லக்கில் ஏறிவிட்டார். முதல் நாள் வடக்கு, நூறு குதிரை. இரண்டாம் நாள் கிழக்கு, நூறு குதிரை. எல்லாம் ஒரே செம்மண் நிறம்.

ரணதீரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்பலவாணர் அவர் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னார். “தளபதியாரே, நான் தோற்றது தோற்றதுதான். ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். நாளைக் காலையில் குதிரைக்குக் கொள்ளு வைக்காதீர்கள். வயிறு ஒட்டி நின்றால்தான் மிடுக்கு. மகாராஜா அசந்துபோவார்.”

“இப்போதாவது புத்தி வந்ததே!” என்று முதுகில் தட்டினார் ரணதீரர்.

மூன்றாம் நாள் தெற்குக் கோட்டை. நூறு குதிரை, வயிறு ஒட்டி, காலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றது. ராஜா பாயசத்தைக் குடித்துவிட்டுக் கொட்டாவி விடப்போனார்.

“தூங்கலாம் மகாராஜா, ஒரே ஒரு காரியம்” என்றார் அம்பலவாணர். “பாவம், பசியோடு நிற்கிறதுகள். அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். லாயம் இதோ பின்னால்தானே இருக்கிறது? தானே போய்ச் சாப்பிடும்.”

ரணதீரர் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, வேண்டாம்! ஓடிப்போய்விடும்!”

“சொந்த லாயத்தை விட்டு எங்கே ஐயா ஓடும்? அவிழ்க்கட்டும்!” என்றார் ராஜா.

அவிழ்த்தார்கள். நூறு குதிரையும் பின்னால் இருந்த லாயத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புழுதி கிளப்பிக்கொண்டு வடக்கே பறந்தன. “பின்னாலே போங்கடா!” என்று ராஜா பல்லக்கில் கத்தினார். வழியிலே கிழக்குக் கோட்டையின் லாயம் திறந்து கிடந்தது. ஒன்றுகூட உள்ளே நுழையவில்லை.

வடக்கு லாயத்திலே போய்ப் பார்த்தால், ஒவ்வொன்றும் தன் தன் முளைக்குச்சியருகே நின்று காலித் தொட்டியை உதைத்துக்கொண்டிருந்தது. அங்கே தூணில், விசாரணை முடியும்வரை என்று சடையனைக் கட்டிவைத்திருந்தார்கள். ஒரு கிழட்டுக் குதிரை அவன் தோளில் தலையை வைத்துக்கொண்டது. அவன் அழுதுவிட்டான்.

ராஜா ரணதீரரைப் பார்த்தார். “இல்லாத இருநூறு குதிரைக்குத் தீனிப் பணம் வாங்கித் தின்றாயா? வாளைக் கழற்றி வை. இன்று முதல் இந்த லாயத்திலே சாணி அள்ளு. சடையன் சொன்னபடி அள்ளு.” பிறகு மந்திரியிடம் திரும்பினார். “கண்டுபிடித்துவிட்டீரே! என்ன வேண்டும், கேளும்.”

“நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை மகாராஜா. இவன்தான் கண்டுபிடித்தான், ஆறு மாசத்துக்கு முன்னால். இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான். ஒரு ஏழை முதலிலேயே சொல்லியிருப்பான். என்னிடம் வரும்போது அவன் கை கட்டியிருக்கும். கட்டை அவிழ்க்கிறதுதான் என் வேலை. எனக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்குப் போகிறேன்.”

“இவன் பிராதை யாரிடம் கொடுத்தான்?”

“தங்கள் கையில். தாங்கள்தான் அதைப் படிக்காமலே ரணதீரரிடமே கொடுத்து விசாரிக்கச் சொன்னீர்கள்.”

ராஜா பல்லக்கைத் தாழ்த்தச் சொன்னார். பிறகு தாமே இறங்கிப்போய்ச் சடையன் கையை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, நகம் வலித்தது, விடவில்லை. மறுநாள் காலையில் தமுக்கு அடித்தார்கள்: “யார்மேல் பிராதோ, அவர் கைக்கு அந்தப் பிராது போகக்கூடாது!”

தமுக்குச் சத்தம் ஓயுமுன்னே அம்பலவாணர் மூட்டையும் கையுமாக வாசலுக்கு வந்தார். அங்கே ஓலையோடு ஒரு ஆள் நின்றான். அரண்மனை மடைப்பள்ளிக்காரன்.

“சாமி, நெய்யிலே ஒரு புரட்டு...”

மந்திரி மூட்டையைப் பார்த்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார். “முதலில் கையைக் காட்டு.”

அவன் பயந்துகொண்டே நீட்டினான். மணிக்கட்டிலே கயிற்றுத் தழும்பு இல்லை. இருபத்திரண்டு வருஷத்திலே கட்டில்லாத கையோடு வந்த முதல் ஆள்.

அம்பலவாணர் மூட்டையை உள்ளே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். “சொல்லப்பா” என்றார்.