மூன்று 'வேண்டாம்'

முன்னொரு காலத்தில், கோயில் மணி அடித்தால்தான் ராஜாவுக்கே பசியெடுக்கும் என்றிருந்த ஒரு ராஜ்யத்தில், கிளமெந்து என்றொரு அரண்மனைக் குருவானவர் இருந்தார். இருபது வருஷமாக ராஜாவுக்குப் பூசையும் வைத்தார், சிரிப்பும் மூட்டினார். தானும் ஒரு காலத்தில் குருப்பட்டம் வாங்கிய மந்திரி வால்தேருக்கு அது பொறுக்குமா? வயிற்றெரிச்சல்தான்.

பேராலயத்துக்கும் நாட்டுக் குருக்களுக்கும் தலைவரான கிழ ஆயர் காலமானார். அடுத்த ஆயர் கிளமெந்துதான் என்று ஊரே பேசியது. மந்திரியோ தன் அண்ணன் மகன் ஓட்டோவை அந்த இடத்தில் உட்காரவைக்கப் பார்த்தார். ஓட்டோவும் குருப்பட்டம் வாங்கியவன், வாங்கியதோடு சரி. பேராலயத்துக் கஞ்சிக்கூடத்தை வேட்டைநாய்க் கொட்டிலாக்கப் போகிறேன் என்று, நாய்களுக்குச் சோறு பொங்க மந்திரியின் காசில் ஆளுயர அண்டாகூட வாங்கிவிட்டான். அந்தக் கஞ்சியை நம்பி முந்நூறு ஏழைகள் இருந்தார்கள். கஞ்சிக்கூடத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்று கிளமெந்து முடிவுசெய்தார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ஆயர் பதவியை நீட்டியதும் வாங்கிக்கொள்பவனைப் பேராசைக்காரன் என்று தள்ளிவிடுவார்கள். "மூன்று முறை 'வேண்டாம்' ஒலித்த பின்பே பதவி கொடுக்கப்படும்" என்று ஆலய ஏட்டிலேயே எழுதியிருந்தது.

மந்திரி ராஜாவின் காதில் ஓதினார்: "மன்னவா, கிளமெந்து சொன்ன சொல் மாறாதவர். அவர் ஒருமுறை வேண்டாம் என்றதும், அதையே முடிவாக்கிவிட்டால் வேடிக்கையாக இருக்குமே!"

வேடிக்கை என்றால் ராஜா சோறு தண்ணீரை மறந்துவிடுவார்.

பேராலயத்தில் கூட்டம் நெரிந்தது. ராஜா ஆயர் மோதிரத்தை நீட்டினார். "கிளமெந்து, ஆயராகச் சம்மதமா?"

"நான் தகுதியற்றவன், பிரபு. வேண்டாம்."

"உம் சொல்லை ஏற்றேன்! அடுத்து யார்?"

மந்திரி பூரித்துப்போய் ஓட்டோவை முன்னே தள்ளினார். வாரக்கணக்காக ஒத்திகை பார்த்த கண்ணீரோடு அவன், "ஐயோ, எனக்கு வேண்டாம்!" என்றான்.

"மன்னவா, எல்லாருக்கும் ஒரே தராசுதானே?" என்றார் கிளமெந்து பணிவாக.

"பின்னே? அவன் சொல்லையும் ஏற்றேன். மந்திரியாரே, நீரும் குருப்பட்டம் பெற்றவர்தானே. உமக்குச் சம்மதமா?"

ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சரி என்பது? மந்திரி பல்லைக் கடித்துக்கொண்டு, "வேண்டாம்" என்றார்.

கிளமெந்து ஏட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மன்னவா, மூன்று முறை ஒலிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது; ஒரே வாயிலிருந்து என்று இல்லை. என்னுடையது ஒன்று, இவர்களுடையது இரண்டு. மூன்றும் ஆயிற்று. இப்போது என்னைக் கேளுங்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மோதிரத்தை அவரே கிளமெந்தின் விரலில் மாட்டினார். "இன்னும் என்ன பரிசு வேண்டும், கேளும்!"

"அந்த ஆளுயர அண்டா, பிரபு. கஞ்சி காய்ச்ச."

ராஜா மந்திரியைத் திரும்பிப் பார்த்தார். "கொடுக்கச் சம்மதமா?"

மறுக்கத்தான் மந்திரி வாயைத் திறந்தார். மறுத்து மறுத்து என்ன ஆனது என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. முதல் தடவையிலேயே, "சம்மதம்" என்றார்.

ராஜா சிரித்த சிரிப்பு கஞ்சிக்கூடம் வரை கேட்டது.