நாக்கைத் தூக்கு

குரு என்றால் தாடி வேண்டும், மரத்தடி வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் குரு பெனிட்டா சிஸ்டர். மனநல ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்டுக்கு இன்சார்ஜ். முப்பது வயதுகூட ஆகவில்லை. சிஷ்யை அரசிக்கோ நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் குருதான் சிஷ்யையை "அக்கா" என்று கூப்பிடுவாள்.

அரசி நர்ஸிங் படிக்க வந்ததே ரொம்பத் தாமதம். அதற்கு முன்னால் வேறொரு ஊரில், இதே மாதிரி ஒரு வார்டில், அவளே நோயாளியாகக் கிடந்தவள். சாகத் துணிந்து, பிழைத்து, மாதக்கணக்கில் படுத்து எழுந்தவள். இப்படிக் கிடக்கிறவர்களுக்கு நானே நர்ஸாகப் போவேன் என்று வைராக்கியமாகப் படித்தாள். வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். "ஏட்டி, தப்பிச்சு வந்த எடத்துக்கே திரும்பிப் போறேங்கியே, உனக்கு என்ன கிறுக்கா?" என்று அம்மா கேட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வேலையில் சேர்ந்த அன்றே அரசி குருவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"எனக்கு இந்த வேலை சரிப்படுமா சிஸ்டர்?"

"தெரியலக்கா" என்றாள் பெனிட்டா. "வாங்க, மாத்திரை குடுக்கணும்."

உபதேசம் இவ்வளவுதான்.

அந்த வார்டில் மாத்திரை கொடுக்க ஒரு முறை உண்டு. கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. தண்ணீர் குடிக்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்தின் உள்பக்கம் வரை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெனிட்டா யாரையும் விட மாட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து வந்தவளானாலும் சரி, காலேஜ் பெண்ணானாலும் சரி, வாயைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

அரசியும் எல்லோர் வாயையும் பார்த்தாள், ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி இசக்கியம்மாள். பிள்ளை பெற்றபின் மனசு இருண்டுபோய், சாகப் போனவளை மீட்டுக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். முதல் நாள் அரசி டார்ச்சை எடுத்ததுமே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நான் என்ன களவாணியாக்கா?"

அரசிக்கு அதற்கு மேல் கை வரவில்லை. டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இல்லம்மா. உன்னைய நான் நம்புதேன்."

இசக்கி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க ஒரு ஆளுதான்க்கா என்னைய மனுஷியா மதிக்கது" என்றாள். அரசிக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு, "நான் பொறந்ததே இந்த வேலைக்குத்தாம்மா" என்று பெருமை அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு இசக்கிக்கு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் இசக்கி எழுந்திருக்கவில்லை. வாயில் ஒளித்து ஒளித்துச் சேர்த்துவைத்த மாத்திரை எல்லாவற்றையும் விழுங்கியிருந்தாள்.

ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைப்பாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "பைத்தியத்துக்குப் பைத்தியத்தைக் காவல் வச்சா வெளங்குமா?" என்று ஆயா ஒருத்தி அரசியின் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனாள். பாவி, அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய பேச்சா அது!

அரசி வெள்ளைக் கோட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"நான் போறேன் சிஸ்டர்."

"எதுக்கு?"

"நான் அவ வாயைப் பாக்கல. ஒரு நாளும் பாக்கல."

"தெரியும். பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்க. நீங்க பாக்கலன்னு மேல சொல்லிட்டேன். உங்களை நான் கவனிக்கலன்னும் சொல்லிட்டேன்." பெனிட்டாவின் குரலில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. "ஏன் பாக்கல?"

"அவளைப் பாத்தா நானே அங்க கெடக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த நேரத்துல என்னைய ஒருத்தராவது நம்பியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நெனச்சேன்."

"அப்போ நீங்க இசக்கிக்கு மாத்திரை குடுக்கல" என்றாள் பெனிட்டா. "உங்களுக்கே குடுத்துக்கிட்டு இருந்திருக்கீங்க."

பெனிட்டா கோட்டை எடுத்து அரசியின் கையில் கொடுத்தாள்.

"பொழைச்சு வந்தா அவளுக்கு நீங்கதான் மாத்திரை குடுக்கணும். அதுக்கப்புறம் போறதும் இருக்கிறதும் உங்க இஷ்டம்."

அந்த நாட்களை அரசி எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. போன் மணி அடித்தாலே உயிர் போய் உயிர் வந்தது. சோறு இறங்கவில்லை. பழைய இருட்டு மெல்ல எட்டிப் பார்த்தது. பயந்துபோய்த் தன் டாக்டரிடம் ஓடி, தன் மாத்திரையைக் கூட்டி எழுதி வாங்கி வந்தாள். அதையும் குருவிடம் மறைக்கவில்லை.

"போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள் பெனிட்டா.

"போட்டேன்."

"சரிக்கா."

இசக்கி பிழைத்து வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தொண்டையில் குழாய் போட்டதில் குரல் கம்மிப்போயிருந்தது. அரசி தட்டோடு போய் நின்றதும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மாத்திரையை வாங்கினாள், தண்ணீர் குடித்தாள், படுக்கப் போனாள்.

"வாயைத் திறம்மா" என்றாள் அரசி.

இசக்கி நம்பாமல் பார்த்தாள்.

"யக்கா, நீங்களுமா?"

"நாக்கைத் தூக்கு."

இசக்கி தூக்கவில்லை. இந்தத் தடவை அரசி முகத்தைத் திருப்பவில்லை. அப்படியே நின்றாள். வெகுநேரம் கழித்து வாய் திறந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரை கரையாமல் கிடந்தது.

"முழுங்கு."

விழுங்கினாள். அரசி மறுபடியும் பார்த்தாள். இசக்கி டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை வாயில் வாங்கி அவள் கோட்டில் துப்பினாள்.

"உன்னையப் போயி நம்புனேனே. நாசமாப் போயிருவ, பாத்துக்கோ."

அரசி வராந்தாவுக்கு வந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெனிட்டா தேற்றவில்லை. மற்றவர்களுக்கான மாத்திரைகளைத் தட்டில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"முழுங்க வச்சிட்டேன் சிஸ்டர்."

"ம்."

"என்னைய வெறுக்கா. சாகுற வரைக்கும் வெறுப்பா. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நான் கெடந்த ஆஸ்பத்திரியில புஷ்பலீலான்னு ஒரு சிஸ்டர் இருந்தா. தாடையைப் பிடிச்சு வாயைத் திறக்க வைப்பா. நான் அழுவேன், கடிப்பேன், கால்ல விழுவேன். ஒரு வேளைகூட விட மாட்டா. இன்னிக்கும் அவ முகத்தை நெனச்சா எனக்கு வயிறு எரியும்."

"இத்தனை வருஷம் கழிச்சுமா?"

"ஆமா. இன்னமும் வெறுக்கேன்."

பெனிட்டா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வெறுக்கிறதுக்கு நீங்க இருக்கீங்கல்லாக்கா" என்றாள்.