கஞ்சிச் சட்டி

ஐயனாருக்குக் குதிரை செய்வதில் சாத்தையா வேளாரை மிஞ்ச ஆள் இல்லை. எத்தனையோ ஊர் எல்லையில் அவர் செய்த குதிரைகள் நிற்கின்றன. எல்லாரும் தள்ளி நின்று கும்பிடுவார்கள். ஒருவரும் தொடுவதில்லை.

தலை நரைத்த பிறகு அவருக்கு ஒரு ஆசை வந்தது. தான் செய்த மண்பாண்டத்தில் தன் மகள் வடிவு ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும். ஒரு கஞ்சிச் சட்டி செய்து கொடுத்தார். வடிவு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அப்பாவுக்கு எவர்சில்வர் தட்டில் சோறு போட்டாள். அவர் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

பக்கத்து ஊரில் பொன்னழகி என்றொருத்தி கையாலேயே சட்டி வனைந்துகொண்டிருந்தாள். அவரைவிட வயதில் மிகவும் சின்னவள். வெட்கத்தை விட்டு அவளிடம் போய்ச் சேர்ந்தார்.

ஆறு மாதம் ஆயிற்று. சட்டிகள் அழகாகத்தான் வந்தன. வாங்கியவர்கள் திருநீறு போட்டு வைத்தார்கள்.

"என்ன குறை தாயி? ஒளிக்காம சொல்லு" என்றார் ஒருநாள்.

பொன்னழகி கையைக் கழுவினாள். அவர் செய்த சட்டி ஒன்றில் கஞ்சியை ஊற்றி நீட்டினாள்.

"குடிங்கண்ணே."

"விரதம் தாயி."

"என்ன விரதம்?"

"செய்யறதுக்குப் பிடிமண் எடுத்தா வேலை முடியிறவரைக்கும் பச்சைத் தண்ணிதான். எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான்."

அவள் சிரித்துவிட்டாள். "அது குதிரைக்கு. இதுல ஐயனாரா கஞ்சி குடிக்கப்போறாரு?"

சாத்தையா தயங்கித் தயங்கி வாயில் வைத்தார். விளிம்பில் அவர் ஆசையாக இழைத்திருந்த பூவேலை உதட்டில் உறுத்தியது. கஞ்சி இரண்டு பக்கமும் வழிந்து தாடியை நனைத்தது. அடியில் கிடந்த பருக்கைகளை வழிக்கப் பார்த்தார். குறுகலான அடிக்கு விரல் போகவில்லை.

சட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து மண்ணில் கை வைத்தார்.

அந்தச் சட்டி பார்க்க ஒன்றுமே இல்லை. மகள் வீட்டில் அதைக் கொடுக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. வடிவும் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. அடுப்பு மேடையில் ஓரமாக வைத்தாள்.

சில வாரம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. பேசி முடித்தவர் பொன்னழகி முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"சட்டி உடைஞ்சிருச்சாம் தாயி."

"எப்படி?"

"பேரன் கஞ்சி குடிக்கிறப்ப கை நழுவிருச்சாம்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "என் குதிரை ஒண்ணுலகூட இதுவரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல."

"பிள்ளை என்ன பண்றான்?"

"தட்டுல ஊத்திக் கொடுத்தா வாயை இறுக்கி மூடிக்கிறானாம்."

பொன்னழகி பிசைந்துகொண்டிருந்த மண்ணில் பாதியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்புறம் ஏன் நிக்கிறீங்க? உக்காருங்கண்ணே. இது காயணும், சுடணும். அதுவரைக்கும் பிள்ளை வாயைத் தொறக்க மாட்டானே."